கல்யாணத்துக்கு முன் மழித்தே ஆக வேண்டுமா? ‘சுத்தம்’ என்ற சொல்லைப் பற்றிச் சில குறிப்புகள்

வாசகியின் கேள்வி, 04.03.2024

எனக்கு 28 வயது. வரும் வைகாசியில் திருமணம். மணப்பெண் அலங்காரத்துக்குப் பேசியிருக்கும் அழகு நிலையத்தில் கொடுத்த பட்டியலில் ஃபேஷியல், மெஹந்தி, கை கால் வேக்ஸிங் ஆகியவற்றோடு அந்தரங்கப் பகுதி வேக்ஸிங்கும் சேர்ந்திருக்கிறது. அது வேண்டாம் என்றேன். “கல்யாணப் பொண்ணு சுத்தமா இருக்க வேண்டாமா?” என்று அங்கிருந்தவர் கேட்டார். உடன் வந்த என் அண்ணியும் தலையாட்டினார். இதுநாள் வரை நான் அங்கே கத்தரிக்கோல்கூட வைத்ததில்லை. தினமும் குளிக்கிறேன், எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. இத்தனை ஆண்டுகளும் நான் அசுத்தமாகத்தான் இருந்திருக்கிறேனா?

04.03.2024, இரவு

இல்லை, அம்மா. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். நான் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அதில் 17 ஆண்டுகள் பிரசவ வார்டில் கழிந்தன.

அந்தரங்க முடி பருவமடையும்போது ஆண், பெண் இருவருக்கும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் தூண்டலால் வளர்வது. தலைமுடியைப் போல அது நீண்டுகொண்டே போவதில்லை. ஒவ்வொரு முடிக்கும் வளரும் காலம் குறைவு என்பதால் குறிப்பிட்ட நீளத்தோடு நின்று, உதிர்ந்து, அதே இடத்தில் மறுபடி முளைக்கும். மென்மையான அந்தத் தோலில் துணி உராய்வதை அது ஓரளவு தடுக்கிறது. வியர்வை தங்கினால் வாடை வருவது உண்மைதான். முடி இருந்தாலும் வரும், மழித்தாலும் வரும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும். கழுவுவதும் வெளிப்புறத்தை மட்டும்தான். உட்பகுதிக்குச் சோப்போ வாசனைத் திரவமோ தேவையில்லை.

மழிப்பதும் மழிக்காததும் உங்கள் விருப்பம். பட்டியலில் அந்த வரியை அடிக்கச் சொல்லி, அதற்குரிய தொகையையும் கழிக்கச் சொல்லுங்கள்.

05.03.2024

நேற்று இதை எழுதிவிட்டுப் படுத்த பிறகு உறக்கம் வரவில்லை. “சுத்தமா இருக்க வேண்டாமா” என்று அழகு நிலையத்துப் பெண் கேட்டதைப் படித்தபோது அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் அதே வாக்கியத்தை நானே ஆயிரக்கணக்கான பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். அதை எழுதாமல் உங்களுக்கு மட்டும் தைரியம் சொல்வது சரியாகாது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பிரசவ வலியோடு வரும் பெண்ணுக்கு முதலில் எனிமா, அடுத்து மழித்தல். இதற்கு வார்டில் பார்ட் பிரிப்பரேஷன் என்று பெயர். நோயாளியிடம் அப்படிச் சொல்ல மாட்டோம். “சுத்தம் பண்ணணும், படும்மா” என்போம். அந்த முடிக்கோ அந்த இடத்துக்கோ வார்டில் யாரும் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. ‘அங்கே’ என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் முடித்துவிடுவோம். முழு பிளேடைக் காகிதத்தோடு வளைத்து இரண்டாக ஒடித்து, அரை பிளேடை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்னும் இடுக்கியின் வாயில் கவ்வவைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒருமுறை துடைத்துவிட்டு மழிக்கத் தொடங்குவோம். வலி எழும்போது வயிறு கல்லாக இறுகும், தொடை நடுங்கும். அப்போது கையை எடுத்துவிட்டுக் காத்திருந்து, வலி தணிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். கூட்டம் இருக்கும் நாளில் காத்திருக்க நேரம் இருக்காது. கீறல் விழும். அந்தக் கீறலின்மேல் ஆன்டிசெப்டிக் பட்டதும் அந்தப் பெண் பல்லைக் கடிப்பாள். பிரசவ வலியில் இதெல்லாம் ஒரு வலியா என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் தையலைக் காட்ட வருபவர்கள் உட்கார முடியாமல் ஒருக்களித்து உட்காருவார்கள். தையல் வலிதான் என்று எடுத்துக்கொள்வோம். பாதிப் பேருக்காவது அது கட்டை கட்டையாக முளைத்த முடி தையலிலும் தோலிலும் குத்திய எரிச்சல் என்பது, என் முதல் பிரசவம் முடிந்து நான் வீட்டில் படுத்திருந்தபோதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் பணிக்குத் திரும்பி அதே வேலையைச் செய்தேன்.

07.03.2024

“அப்போது அறிவியல் அவ்வளவுதான் வளர்ந்திருந்தது, நீங்கள் ஏன் வருந்த வேண்டும்” என்று வாசகர் ஒருவர் அன்போடு கேட்டிருக்கிறார். நானும் நெடுநாள் அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன், உண்மை வேறு.

பிரசவத்துக்கு முன் மழித்தால் தொற்று குறைகிறதா என்று அமெரிக்காவில் 1922-லேயே 389 பெண்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1965-ல் இன்னொரு ஆய்வு, 150 பெண்கள். 2005-ல் தாய்லாந்தில் 500 பெண்கள். இந்த மூன்றையும் சேர்த்து, மொத்தம் 1,039 பெண்களின் விவரங்களை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் ஆராய்ந்தபோது, மழித்ததால் தாய்க்குக் காய்ச்சலோ தொற்றோ குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1996-ல் வெளியிட்ட இயல்பான பிரசவத்துக்கான வழிகாட்டியில், வழக்கமாகச் செய்யும் எனிமாவையும் மழித்தலையும் தீங்கானவை அல்லது பயனற்றவை, கைவிட வேண்டியவை என்ற பட்டியலில் வைத்தது. 2018 வழிகாட்டியிலும் பரிந்துரைக்கவில்லை என்றே திரும்பச் சொன்னது.

அதாவது, நான் பிறப்பதற்கு முன்பே முதல் விடை வந்துவிட்டது. நான் பணியில் இருந்த நாளில் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. ஆனாலும் எங்கள் வார்டில் பிளேடு ஒடியும் சத்தம் நிற்க அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பிடித்தன. ஆய்வு முடிவு வந்ததும் பழக்கம் மாறிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். முடி என்றால் அழுக்கு என்ற எண்ணம் மருத்துவர், செவிலியர், ஆயாம்மா, நோயாளி, நோயாளியின் மாமியார் என எல்லோருக்குள்ளும் ஒரே ஆழத்தில் ஊறியிருந்ததால், ஏன் என்று கேட்க அங்கே யாரும் இருக்கவில்லை.

08.03.2024

யாரும் கேட்கவில்லை என்று எழுதியது தவறு. ஒருவர் கேட்டார்.

1994-லிருந்து மூன்று ஆண்டுகள் டெல்லியில் ஒரு மருத்துவமனையில் இருந்தேன். இரவுப் பணி. சீக்கியப் பெண், இரண்டாவது பிரசவம். மழிக்கும் சாமான்கள் வைத்த தட்டோடு நான் அருகில் போனதும் கையை நீட்டித் தடுத்து, அமிர்தம் பெற்றவர்கள், அதாவது தீட்சை ஏற்ற சீக்கியர்கள், உடலின் எந்த முடியையும் நீக்குவதில்லை என்று சொன்னார். குரல் உயரவில்லை, முகத்தில் பயமும் இல்லை. எனக்கு இந்தி தட்டுத்தடுமாறித்தான் வரும், மருத்துவரிடம் ஓடினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கழுவிவிட்டு அனுப்பு, போதும்” என்றார். சோப்புத் தண்ணீரில் கழுவி, கிருமிநாசினி தடவினோம். விடியற்காலையில் குழந்தை பிறந்தது. தையலும் போட்டோம், நீளமான முடியைச் சற்று ஒதுக்கிப் பிடித்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. ஆறாம் நாள் தையலைப் பார்த்தேன்: வீக்கம் இல்லை, சீழ் இல்லை, அவர் நேராக உட்கார்ந்து பேசினார்.

அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் மதம் காரணமாகச் சொன்னதால் அவருக்கு மட்டும் விதிவிலக்கு என்று மனத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த படுக்கைக்குத் தட்டை எடுத்துச் சென்றேன். காரணம் சொல்லத் தெரியாத, வேண்டாம் என்று சொல்லலாம் என்றே அறியாத அந்த அடுத்த பெண்ணின் நினைவுதான் இப்போது அதிகம் வருகிறது.

11.03.2024

இஸ்லாமியச் சகோதரி ஒருவர் எழுதிய திருத்தத்தை மறுப்பின்றி ஏற்கிறேன். ‘சுத்தத்துக்காக மழிப்பது என்பதே வெட்கத்தின் வேறு பெயர்’ என்று அவருக்கு நான் அனுப்பிய பதிலில் பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். அவர் வீட்டில் ஆணும் பெண்ணும் நகம் வெட்டுவது, அக்குள் முடி நீக்குவது, மறைவிட முடி நீக்குவது மூன்றையும் ஃபித்ரா என்னும் இயல்பான தூய்மையின் பகுதியாகவே கருதுகிறார்கள். 40 நாளுக்கு மேல் விடக் கூடாது என்பது நபிமொழி. “எனக்கு இதில் வெட்கமும் இல்லை, யாருடைய கட்டாயமும் இல்லை, வெள்ளிக்கிழமைக் குளியல் போல இதுவும் ஒன்று” என்கிறார்.

சீக்கியப் பெண்ணுக்கு முடி புனிதம். இந்தச் சகோதரிக்கு முடி நீக்குவது வணக்கத்தின் பகுதி. இருவரும் தாங்கள் செய்வது எதற்கென்று அறிந்து செய்கிறார்கள். என் எதிர்ப்பு, எதற்கென்று சொல்லாமல் “உன்னிடம் அழுக்கு இருக்கிறது” என்று மட்டும் சொல்லி ஒருத்தியைப் படுக்கவைப்பதன் மீதுதான்.

12.03.2024

ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று எழுதியவருக்கு: என் கணவருக்கு ஹெர்னியா அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலை, தொடையிலிருந்து தொப்புள் வரை மழித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு, குளியலறையில் கண்ணாடியை வாளியின்மேல் சாய்த்துவைத்துத் தாமே மழித்து, நான்கு இடங்களில் வெட்டிக்கொண்டார். காயம் புண்ணாகி அறுவை சிகிச்சையையே ஒத்திவைத்தார்கள். 1971-ல் வந்த ஓர் ஆய்வில், ரேஸரால் மழித்தவர்களில் 5.6 சதவீதத்தினருக்கு அறுவைக் காயத்தில் தொற்று வந்தது. மழிக்காதவர்கள், க்ரீம் போட்டு நீக்கியவர்களிடம் அது 0.6 சதவீதம். இப்போதைய பரிந்துரை, முடியை நீக்க வேண்டாம், தவிர்க்கவே முடியாவிட்டால் கிளிப்பரால் கத்தரிக்கலாம், ரேஸர் கூடாது என்பதுதான். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் அதை உறுதியாகவே சொல்லிவிட்டது.

15.03.2024

மழிக்கச் சொல்லும் இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று இருவர் வாதிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மேற்கத்தியப் பழக்கம் என்பது பாதி உண்மை. அங்கும் இது அப்படிப் பழையதில்லை. அமெரிக்காவில் ஜில்லெட் நிறுவனம் பெண்களுக்கென்று முதல் ரேஸரை விற்கத் தொடங்கியது 1915-ல். கையில்லாத உடை வந்த காலம், அக்குளுக்காக விற்றார்கள். 1946-ல் பிகினி வந்தது. உடை குறையக் குறைய, மழிக்க வேண்டிய எல்லையும் கீழிறங்கியது. 2016-ல் அமெரிக்காவில் 3,316 பெண்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ 84 சதவீதத்தினர் ஏதோ ஒரு வகையில் கத்தரிக்கவோ மழிக்கவோ செய்வதாகச் சொன்னார்கள். காரணம் கேட்டபோது 59 சதவீதத்தினர் சொன்னது, சுத்தம். மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் செய்துகொள்வதாக 40 சதவீதத்தினர் சொன்னார்கள்.

அந்தக் கடைசி எண்ணைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். கடல் தாண்டியும் இதே கதையா என்று தோன்றியது. வெளிநோயாளிப் பிரிவில் பரிசோதனை மேசையில் ஏறிப் படுத்தவுடன், சேலையை விலக்குமுன்பே, “மன்னிச்சிடுங்க சிஸ்டர், சுத்தம் பண்ணாம வந்துட்டேன்” என்று கேட்ட பெண்களின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. வெள்ளைப்படுதல், இரத்தப்போக்கு, அடிவயிற்றில் கட்டி என்று உயிர்போகும் பிரச்சினையோடு வந்தவர்கள் முதலில் மன்னிப்புக் கேட்டது முடிக்காக. “இதுக்கெல்லாம் மன்னிப்பு எதுக்கும்மா” என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. “அடுத்த தடவை பண்ணிட்டு வாங்க” என்றுதான் சொல்லியிருக்கிறேன். சிலர் அடுத்த தடவை வரவேயில்லை. காரணம் அதுதானா என்று எனக்குத் தெரிய வழியில்லை, ஆனால் அந்த எண்ணம் என்னை விடுவதில்லை.

16.03.2024

இரண்டு சிறு விஷயங்கள். மழித்தால் தடித்து வளரும் என்று நானும் முன்பு நம்பியிருந்தேன், வாய்மொழியாகப் பலரிடம் சொல்லியும் இருக்கிறேன், அது சரியில்லை. மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறியல் அறிஞர் 1928-லேயே அளந்து பார்த்து, மழிப்பதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று எழுதியிருக்கிறார். இயல்பான முடியின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். மழித்த முடியின் நுனி வெட்டுப்பட்டு மொட்டையாக இருப்பதால் தடவும்போது முரடாகத் தெரிகிறது.

அடுத்தது, மழிப்பவர்களுக்குப் பால்வினை நோய் அதிகம் வருவதாகப் படித்ததாக ஒருவர் பயந்திருக்கிறார். அப்படித் தொடர்பு காட்டிய ஓர் ஆய்வு உண்டு; ஆனால் 2019-ல் 214 கல்லூரிப் பெண்களை ஆய்வகச் சோதனையோடு பார்த்தபோது கிளமிடியா, கொனோரியா என்ற இரண்டு பால்வினைத் தொற்றுகளோடும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. மழிக்காதவரைப் பயமுறுத்துவதை வேண்டாம் என்கிற நான், மழிப்பவரைப் பயமுறுத்தவும் மாட்டேன்.

20.03.2024

“விருப்பப்பட்டுச் செய்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?” என்ற கேள்வி நியாயமானது. நான் பார்த்த புண்களை வைத்துச் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் பாதுகாப்பானது, குளித்துத் துடைத்த பிறகு நுனி மழுங்கிய சிறு கத்தரிக்கோலாலோ டிரிம்மராலோ விரற்கடை நீளம் விட்டுக் கத்தரிப்பது. தோலை ஒட்டி மழித்தால், சுருண்ட முடி முளைக்கும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தி இறங்கும். சிவந்த கொப்புளமாக எழும்பி, உள்ளே கறுப்புக் கோடு போல முடி தெரியும். அதை நகத்தால் நோண்டித்தான் பலர் பெரிய கட்டியாக்கிக்கொண்டு வருவார்கள். மழிப்பதென்றால் புதிய பிளேடு, வெந்நீர், நுரை, முடி படிந்திருக்கும் திசையிலேயே இழுப்பது. வீட்டில் மற்றவர் ரேஸரை எடுக்கவே கூடாது. முடி நீக்கும் க்ரீம் முடியின் புரதப் பிணைப்பையே கரைப்பது. தோலின் புரதமும் அதே குடும்பம்தான், உட்பகுதியின் ஈரத்தோலில் பட்டால் வெந்துவிடும். வேக்ஸிங்குக்குப் போனால், மெழுகில் ஒருமுறை நனைத்த குச்சியை மறுபடி அதே பாத்திரத்தில் விடுகிறார்களா என்று கண்ணால் பாருங்கள். விட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ரேஸர் பக்கமே போகாதிருப்பது நல்லது. தொடையிடுக்கில் படர்தாமரை இருப்பவர்கள் மழித்தால் அது பரவும். அதன்மேல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் மாதக்கணக்கில் தீராது. அமெரிக்காவில் 2017-ல் வெளிவந்த ஆய்வில், இப்படி மழித்தோ கத்தரித்தோ வருபவர்களில் நான்கில் ஒருவருக்கு எப்போதாவது காயம் பட்டிருந்தது, பெரும்பாலும் வெட்டுக்காயம். அவ்வளவு பேருக்கு ஆகும்போது, உங்களுக்கு ஆகியிருந்தால் மறைத்து வைக்க என்ன இருக்கிறது? காட்டுங்கள்.

21.03.2024

கணவர் விரும்பினால்? கேட்கலாம், அவருக்கு வாய் இருக்கிறது. மறுக்கலாம், உங்களுக்கும் இருக்கிறது. மனைவி விரும்பினாலும் இதே.

24.03.2024

மணப்பெண் எழுதியிருக்கிறார், படித்ததும் மனம் நிறைந்தது. அண்ணியிடம் தனியாகப் பேசியிருக்கிறார். அண்ணிக்குத் திருமணத்துக்கு முந்தைய நாள், வாழ்க்கையில் முதல்முறையாக அங்கே வேக்ஸிங் செய்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் கொப்புளம். மறுவீட்டு விருந்துக்குப் பட்டுச்சேலையில் உட்கார முடியாமல், பரிமாறுகிறேன் என்று சொல்லிப் பந்தி முடியும்வரை நின்றுகொண்டே இருந்திருக்கிறார். பத்து ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை. “அப்புறம் ஏன் அண்ணி அன்னைக்குத் தலையாட்டினீங்க?” என்று இவர் கேட்டதற்கு, “எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும்னு நினைச்சேன்” என்றாராம்.

அண்ணிமேல் கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் என் முதல் பிரசவத்துக்குப் பிறகு அப்படித்தானே தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கத்தரிப்பதா, அப்படியே விடுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை என்கிறீர்கள். வைகாசி வரை நேரம் இருக்கிறது. முடிவெடுக்காமலே மணமேடை ஏறினாலும் ஒன்றும் ஆகாது. எதைச் செய்வதானாலும் முதல்முறையாகக் கல்யாணத்துக்கு முந்தைய நாள் செய்யாதீர்கள்.

27.03.2024

61 வயது அம்மா ஒருவர் தனிச்செய்தியில் கேட்டதை, அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குப் பிறகு இப்போது இரத்தம் படுகிறது. மகளிர் மருத்துவரிடம் போக வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் கை நடுங்குகிறது, கண் சரியாகத் தெரியவில்லை, தாமே மழித்துக்கொள்ள முடியாது, மருமகளிடம் கேட்க வெட்கம். அதனாலேயே இரண்டு மாதமாகத் தள்ளிப்போடுகிறார்.

அம்மா, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் படுவதை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. பல சமயம் சாதாரணக் காரணமாகவே இருக்கும். சில சமயம் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம், தொடக்கத்திலேயே பார்த்தால் குணமாக்க முடியும். பரிசோதனைக்கு முடி தடையே இல்லை. மருத்துவர் விரலால் ஒதுக்கிவிட்டுப் பார்த்துக்கொள்வார். ஸ்கேனுக்கும் தடையில்லை. எதையும் மழிக்க வேண்டாம், கத்தரிக்கவும் வேண்டாம். மேசையில் ஏறியதும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நாளை காலை குளித்துவிட்டு, இரத்தம் பட்ட நாட்களைத் தாளில் குறித்துக்கொண்டு, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு, மருமகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அப்படியே போங்கள்.